எட்டு வட்டு அகல வாசல்: பிரெமர்ட்டன் காட்டில் டிஸ்க் கால்ஃப் ஆடப் போகிறவருக்கு

பாண்டிச்சேரியைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "கல்லூரி நாட்களிலிருந்து கடற்கரையில் ஃப்ரிஸ்பீ வீசிப் பழக்கம் உண்டு. மூன்று மாதத்தில் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பிரெமர்ட்டனுக்குச் செல்கிறேன். அது கடற்படைத் தளம் உள்ள சிறிய ஊர் என்றும், அங்கே டிஸ்க் கால்ஃப் களங்கள் அடர்ந்த காட்டுக்குள் இருக்கின்றன என்றும் சொல்கிறார்கள். திறந்த வெளியில் மட்டுமே வீசிய எனக்கு அது கைவருமா? கடலூர், பாண்டிச்சேரிப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் முன்கூட்டியே பழகிக்கொள்ள முடியுமா?"

கைவரும், தம்பி. ஆனால் கடற்கரையில் சேர்த்துக்கொண்ட பழக்கங்களில் ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். முழுக் கையையும் கொடுத்து ஓங்கி வீசும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். ஆறு ஆண்டுகள் பிரெமர்ட்டனில் குடியிருந்து, சியாட்டிலில் இருந்த வேலைக்கு நாள்தோறும் ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் போய்வந்தேன். மழை கொட்டாத ஞாயிற்றுக்கிழமைகளிலும், பல வேளைகளில் மழை கொட்டிய ஞாயிற்றுக்கிழமைகளிலும், அந்தக் காட்டில்தான் இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆட்டத்தை விடவில்லை. ஆகவே இரண்டு ஊர்களையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் அடங்கும் ஒரு வட்டை, டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். இப்படியே கொண்டுபோய், இரும்புச் சங்கிலிகள் தொங்கும் கூடையில் அதைச் சேர்க்க வேண்டும். வழக்கமாக 18 கூடைகள் இருக்கும். அத்தனையையும் குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் வென்றவர். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென நிலையான முதல் களத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். தொடக்கத்தில் அங்கே இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள்தாம். சங்கிலிக் கூடையையும் அவரே உருவாக்கி 1977இல் காப்புரிமை பெற்றார். வட்டின் விளிம்பைச் சரிவாகச் சீவி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி டேவ் டூனிபேஸ் 1983இல் செய்த மாற்றத்துக்குப் பிறகே இன்றைய ஆட்டம் உருவானது. நீங்கள் கடற்கரையில் வீசிய 175 கிராம் தட்டின் விட்டம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர்; டிஸ்க் கால்ஃப் வட்டு 21 சென்டிமீட்டர் சொச்சம்தான். எடை ஏறக்குறைய அதேதான். சிறிய உடம்பில் அதே எடை இருப்பதால் அது மிதப்பதைவிடப் பாய்வது அதிகம். மரத்தில் மோதினால் மோதிய ஓசையிலேயே உங்களுக்கு அது புரிந்துவிடும்.

பிரெமர்ட்டன், 1891இல் அமைந்த கடற்படைக் கப்பல் தளத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 43,000 பேர் சொச்சம் வாழ்கிறார்கள். 2011இல் கடலூர் நகரத்தில் இருந்தவர்களில் கால் பங்குதான் இது. விமானந்தாங்கிக் கப்பல்கள் பழுது பார்க்க வந்து நிற்கும் உலர்துறைகளும், உயர்ந்த பாரந்தூக்கிகளும், பணி நேரம் முடிந்தால் கும்பலாக வெளியே வரும் தொழிலாளர்களும்தாம் ஊரின் முகம். அந்த முகத்துக்குப் பின்னால், சில கிலோமீட்டருக்குள்ளேயே, காடு தொடங்கிவிடுகிறது. ஊரில் உள்ள முக்கியமான களம் என்.ஏ.டி. பூங்காவில் இருக்கிறது, கடற்படை வெடிமருந்துக் கிடங்கு என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. டக்ளஸ் ஃபிர், செடார், மேப்பிள் மரங்கள் நெருங்கி நிற்க, கீழே இடுப்பளவு பெரணிச் செடிகள் அடர்ந்திருக்கும். அங்கே நான் ஆடிய முதல் நாளை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காட்டு ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அன்று கிடைத்தது.

முதல் டீயில் நின்று, கடற்கரையில் வீசுவதுபோலவே நான்கு அடி ஓடிவந்து வீசினேன். வட்டு நான்கைந்து மீட்டர் தொலைவில் இருந்த மரத்தில் 'டொக்' என்று அடித்து, வந்த வேகத்தில் என் முழங்காலை உரசிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. பின்னால் காத்திருந்தவர் கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து ஒரு கை நிறைய வட்டுகளை எடுத்துக்கொண்டு, சுமார் 12 மீட்டர் தொலைவில் எதிரெதிரே நின்ற இரண்டு மரங்களிடம் நடந்தார். முதல் மரத்தின் அடியிலிருந்து தொடங்கி, வட்டுகளைத் தரையில் ஒன்றோடு ஒன்று தொடும்படி வரிசையாக அடுக்கினார். எட்டு வட்டுகள் அடங்கின. பிறகு என்னைப் பார்த்து, "எட்டு அடங்குகிறது, நீ அனுப்ப வேண்டியது ஒன்றைத்தான்" என்றார். அதன் பிறகு நான் எந்தக் காட்டில் ஆடினாலும் மரங்களின் நெருக்கத்தைக் கண்ணால் மீட்டரில் அளப்பதை விட்டுவிட்டு, வட்டில் அளக்கிறேன். மனத்துக்கு அது தரும் தெம்பு பெரிது. சுவர்போலத் தெரிந்த காடு வாசல்களாகத் தெரியத் தொடங்கும்.

கணக்காகவும் பார்க்கலாம். எட்டு வட்டு அகலம் என்பது ஏறக்குறைய 1.7 மீட்டர். 12 மீட்டர் தொலைவில் அந்த வாசல் உங்கள் கைக்கு விடும் இடம் சுமார் எட்டு டிகிரி. வட்டின் சொந்த அகலத்தைக் கழித்தால் ஏழு. அதே வாசல் 24 மீட்டர் தொலைவில் இருந்தால் நான்கு டிகிரிக்கும் குறைவாகிவிடும். கடற்கரையில் பத்து டிகிரி பிசகினாலும் எதிரில் நிற்கும் நண்பர் ஓடிப் பிடித்துவிடுவார். பிசகியதே உங்களுக்குத் தெரியாது. எங்கள் கடலூர், எறிந்த தூரத்தை வைத்து நிலமே அளந்த ஊர்: 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலம் அவர்களுக்கு என்று பேச்சானது, குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காட்டிலோ அந்தக் கணக்கு செல்லாது. 100 மீட்டர் வீசத் தெரிந்தவர் மூன்றாவது மரத்தில் அடித்து நிற்பதையும், 50 மீட்டர் மட்டுமே வீசத் தெரிந்தவர் இரண்டு வீச்சில் கூடையருகே போய் நிற்பதையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காட்டுக் களங்களில் ஒரு கூடைக்கான தூரமே பெரும்பாலும் 60 முதல் 100 மீட்டர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வட்டு ஏன் வளைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மரங்களுக்கு நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் புரியும். வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக வீசும்போது, மேலிருந்து பார்த்தால் வட்டு கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறைய அதன் முன்விளிம்பைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும். சுழலும் பொருள் அந்தத் தள்ளலுக்கு நேராகப் பணியாது. சுற்றும் பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால் அது விழாமல் தலையைச் சுற்றுகிறதே, அதே காரணத்தால் வட்டும் முன்பக்கம் உயராமல் இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கமாகவே போய் இறங்கும். ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கைப் பக்கமாக வீசினால் எல்லாம் எதிர்ப்பக்கம். வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களும் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன: முதலாவது, அது ஒழுங்காகப் பறக்கத் தேவையான வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது, வேகமாகப் போகும்போது எவ்வளவு வலப்பக்கம் திரும்பும் என்பது, நான்காவது, வேகம் குறைந்ததும் எவ்வளவு இடப்பக்கம் சாயும் என்பது. புதிதாக வருபவர்கள் வேக எண் 12, 13 உள்ள, தூர வீச்சுக்கான டிரைவர் வட்டுகளை ஆசையோடு வாங்குகிறார்கள். அந்த வட்டு கேட்கும் வேகத்தைக் கையால் கொடுக்க முடியாதபோது, அது புறப்பட்ட உடனேயே இடப்பக்கம் சாயத் தொடங்கி, இருபதாவது மீட்டரில் ஏதாவது ஒரு மரத்தைக் கட்டிக்கொள்ளும்.

ஆகவே மூன்றே வட்டுகள் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் போன்ற ஒரு பட்டர், அதாவது கூடையருகே போடுவதற்கான வட்டு. அதன் வேக எண் 2. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் போன்ற, நடுத்தூரத்துக்கான ஒரு மிட்ரேஞ்ச். அதன் வேக எண் 5. பிறகு லெப்பர்ட் போன்ற மெதுவான ஒரு டிரைவர்; வேக எண் 6. முதல் இரண்டு மாதம் பட்டரைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது. மெதுவான வட்டு உங்கள் தவறை மறைக்காது. நிறத்தில் கவனம் வேண்டும். பச்சை, பெரணிக்குள் போனால் கிடைக்காது. ஆரஞ்சு, அங்கே மேப்பிள் இலை உதிரும் அக்டோபரில் கண்ணை ஏமாற்றும். இங்கே சவுக்குச் சருகின் மேல் சிவப்பும் அப்படியே. அடர்ந்த இளஞ்சிவப்பும் வெளிர் நீலமும் இரண்டு ஊரிலும் கைகொடுத்தன. வட்டின் அடிப்புறம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுங்கள். கண்டெடுத்தவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பது அங்கே இயல்பான வழக்கம்.

வீசும் முறைக்கு வருகிறேன். இதற்கு நீங்கள் எந்தக் காணொளியையும் தேட வேண்டாம். ஒரு நாள் காலையில் உப்பனாற்றுக் கரைக்குப் போய், வீச்சுவலை வீசுபவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வலையின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, மற்றதைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, முதலில் உடம்பைப் பின்னால் திருப்புவார். பாதங்கள் சேற்றில் ஊன்றியபடியே இருக்கும். திரும்பி வரும்போது இடுப்பு முதலில் வரும், தோள் அடுத்து, கை அதற்கும் பிறகு, வலை கடைசியில். கை வலையை எறிவதில்லை. உடம்பு சுழன்ற சுழற்சியில் வலை தானாகவே கையை விட்டுப் போகிறது. அதனால்தான் அது தண்ணீருக்கு இணையாக, தட்டையாக, வட்டமாக விரிகிறது. கையால் இழுத்து எறியும் புதிய ஆள் வீசினால் வலை வாழைக்காய்போலச் சுருண்டு விழும். பேக்ஹேண்ட் வீச்சு முழுக்க இதுதான். கைக்கு அவசரம் வந்த கணத்தில் வட்டின் முன்விளிம்பு மேலே தூக்கும், வட்டு உயர்ந்து கிளையில் மோதும். காட்டில் தலை உயரத்துக்கும் மார்பு உயரத்துக்கும் இடைப்பட்ட அடுக்கில் வட்டைக் கொண்டுபோவதே உங்கள் வேலை. அதற்கு மேலே கிளைகள், கீழே பெரணி. ஓடிவருவதையும் விட்டுவிடுங்கள். நின்ற இடத்திலிருந்து, இருக்கும் பலத்தில் பாதியைக் கொடுத்து வீசினால், தூரத்தில் நீங்கள் இழப்பது நினைப்பதைவிடக் குறைவு.

இனி இங்கே பழகுவதைப் பற்றி. நேராகத் தோப்புக்குப் போகாதீர்கள். இரண்டு சவுக்குக் கழிகளை எடுத்துக்கொண்டு விடிகாலையில், கடற்காற்று எழுவதற்கு முன், கடற்கரைக்குப் போங்கள். எட்டு வட்டு அகலத்தில் இரண்டையும் மணலில் ஊன்றி, பத்து மீட்டர் தள்ளி நின்று, நடுவே அனுப்புங்கள். பத்துக்கு ஏழு போகத் தொடங்கினால் இரண்டு மீட்டர் பின்னால் வாருங்கள். ஏழுக்குக் குறைந்தால் மறுபடி முன்னால். நான் இதை இருபது மீட்டர்வரை கொண்டுபோக ஆறு வாரம் ஆயிற்று; நீங்கள் இளைஞர், விரைவாகவே வரும். சலிப்பூட்டும் பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் தோப்பில் வீசினால் மரத்தில் பட்ட வட்டு எங்கோ தெறித்துப் போய்விடுவதால், எவ்வளவு பிசகினோம் என்பது தெரியாமலே போகும். மணலில் கழிக்கு எத்தனை விரற்கடை வலப்பக்கம் போனது என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியும். காற்று எழுந்த பிறகும் சிறிது நேரம் வீசிப் பாருங்கள்: எதிர்காற்றில் வட்டு வழக்கத்தைவிட அதிகமாக வலப்பக்கம் திரும்பும், பின்காற்றில் சீக்கிரமே இடப்பக்கம் இறங்கிவிடும். காட்டுக்குள் காற்று குறைவு என்பதால் இது அங்கே பெரிதாகத் தேவைப்படாது.

சவுக்குத் தோப்பைப் பற்றி நேரடியாகவே கேட்டிருக்கிறீர்கள். விற்பனைக்காக வளர்க்கும் தோப்பில் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு ஒரு கன்று நடுகிறார்கள். மரத்தின் பருமனைக் கழித்தால் நடுவே நான்கு வட்டுகள்தாம் அடங்கும். வரிசையை ஒட்டி நேராக வீசலாமே தவிர, வளைத்து வீச வழி கிடையாது. நேராக வீசினாலும் முப்பது மீட்டர் தொலைவில் அந்தச் சந்து இரண்டு டிகிரிக்கும் குறைவுதான். அதைவிட முக்கியமானது, அது ஒருவருடைய பயிர். நான்கைந்து ஆண்டில் வெட்டி, சாரக்கழிக்கும் பந்தல்காலுக்கும் காகித ஆலைக்கும் அனுப்ப வேண்டிய மரம். இளம் சவுக்கின் பட்டை மெல்லியது. 170 கிராம் வட்டு திரும்பத் திரும்ப அடித்தால் பட்டை நையும், கழியின் விலையும் குறையும். என் உறவினர் ஒருவர் தன் தோப்பில் ஆடிக்கொள்ளச் சொன்னபோதும், வெட்டுக்கு நாள் குறித்துவிட்ட பகுதியில், அதுவும் வரப்போரத்து இரண்டு வரிசைகளை ஒட்டி மட்டுமே ஆடினேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுண்டு: சவுக்கும் நெருக்கத்தில் வளர்ந்த டக்ளஸ் ஃபிர் மரமும் கீழ்க்கிளைகளை உதிர்த்துவிட்டு நெடுநெடுவென்று நிற்பதில் ஒரே சாயல். கண்ணுக்குக் கிடைக்கும் கோடுகள் அதே மாதிரிதான் இருக்கும். ஆகவே வாரம் ஒரு முறை, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, முதிர்ந்த தோப்பின் ஓரத்தில் பட்டரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பழகுவது பயன் தரும். வனத்துறை வளர்க்கும் கரையோரக் காப்புத் தோப்புகளில் அனுமதியின்றி நுழையாதீர்கள். 2004 ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது, அந்த மரங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

முந்திரித் தோப்பு உங்களுக்கு வேறொன்றைக் கற்றுத்தரும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்த பழைய மரங்களுக்குப் பதிலாக நட்டவை இப்போது நன்றாகப் படர்ந்திருக்கின்றன. கிளைகள் இடுப்பு உயரத்திலேயே தொடங்குவதால் நின்று வீச முடியாது. ஒரு முழங்காலை ஊன்றி, கிளைக்கு அடியில் தரையை ஒட்டி வீச வேண்டும். பிரெமர்ட்டனில் செடார் மரத்தின் தொங்கும் கிளைகளுக்கு அடியில் நீங்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வீர்கள். காய்ப்புக் காலமான கோடை மாதங்களை விட்டுவிட்டு, தோப்புக்காரரின் சம்மதத்தோடு போங்கள். பனங்காடு எல்லாவற்றையும்விட அருமையான இடம்: தூண்போல மரம், தாராளமான இடைவெளி. மட்டையின் கருக்குதான் கையையும் வட்டையும் கிழிக்கும்.

கோயில்காடுகளில் மட்டும் வேண்டாம். பாண்டிச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காட்டைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்களில் ஒன்று அது. களம் அமைக்க அவ்வளவு பொருத்தமான நிழலும் வளைவும் உள்ள இடம் என்று எனக்கே தோன்றியதுண்டு, தோன்றியதற்கு வருந்தினேன். ஆரோவில் காடும் 1968க்குப் பிறகு வெற்றுச் செம்மண் மேட்டில் ஒவ்வொரு கன்றாக நட்டு எழுப்பியது. அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல் ஒரு வட்டும் போகக் கூடாது. வட்டு ஆட்டத்தால் மரத்துக்குக் கேடில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். டீயைச் சுற்றிலும் கூடையைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான கால்கள் மிதிப்பதால் மண் இறுகி, வேர் வெளியே தெரியத் தொடங்கும். அதனால்தான் அமெரிக்கக் காட்டுக் களங்களில் அந்த இடங்களில் மரச்சீவல்களைக் கொட்டிப் பரப்புகிறார்கள். அங்கே போனதும் அந்த வேலைக்குக் கூடும் நாட்களில் நீங்களும் மண்வெட்டி பிடியுங்கள். ஊர்க்காரர்களோடு பழக அதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

விதிகளில் காட்டுக்கு வேண்டியவை சில. வட்டு விழுந்த இடத்துக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இடத்தில் ஒரு காலாவது ஊன்றியிருக்க வேண்டும். பின்னால் நிற்கும் மரம் அங்கே கால் ஊன்றவே விடாவிட்டால், அந்த மரத்தை ஒட்டி அதன் பின்னால் நின்று வீசலாம். முன்னால் மறிக்கும் கிளையை ஒடிக்கவோ கட்டி வைக்கவோ கூடாது; அதற்குத் தண்டனை உண்டு. காணாமல் போன வட்டைத் தேட மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு கூடுதலாகச் சேர்ந்து, முன்பு வீசிய இடத்துக்கே திரும்ப வேண்டும். முள்ளுக்குள் மாட்டிக்கொண்டால், ஒரு வீச்சைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டு, கூடைக்கும் வட்டுக்குமான கோட்டிலேயே பின்னால் நகர்ந்துகொள்ளலாம். இந்த ஒன்றைப் புதியவர்கள் பயன்படுத்துவதே இல்லை. மூன்றடிச் சந்தில் வீரம் காட்டி மூன்று வீச்சை இழப்பதைவிட, ஒன்றைக் கொடுத்துவிட்டு வெளியே வருவது கணக்குக்கு நல்லது. குளவிக்கூடு போன்ற ஆபத்து இருந்தால் தண்டனையே இல்லாமல் பின்வாங்க விதி இடம் தருகிறது. கூடைக்குப் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசிய பிறகு நிலை தடுமாறி முன்னால் அடி வைக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் நேர் எதிர். அதைத் தெளிவாகவே சொல்லிவிட வேண்டும். பிரெமர்ட்டன் இருக்கும் மேற்கு வாஷிங்டனில் நஞ்சுள்ள பாம்பு கிடையாது. பெரணிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி வட்டை எடுப்பார்கள். அங்கே பயப்பட வேண்டியது கருநாவல் நிறப் பழம் பழுக்கும் பிளாக்பெர்ரி முள்ளுக்கு மட்டும்தான். அந்தப் பழக்கத்தோடு ஊருக்குத் திரும்பிய நான், முதல் வாரமே சவுக்குச் சருகுக் குவியலுக்குள் கையை நீட்டப் போனேன். தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அக்கா, "கையை எடுங்கண்ணே" என்று கத்தியபடி ஓடிவந்து, கையிலிருந்த கழியால் சருகைக் கிளறிவிட்டார். உள்ளே சுருட்டைவிரியன் ஒன்று சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடந்தது. வட்டு அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. இங்கே பழகும் மூன்று மாதமும் கையில் கழி இருக்கட்டும், காலில் கணுக்காலை மூடும் காலணி இருக்கட்டும், இருட்டிய பிறகு வட்டைத் தேடவே வேண்டாம்.

அங்கே உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது ஈரமும் வெளிச்சமும்தான். நம் வடகிழக்குப் பருவமழைபோல ஒரே நாளில் ஊரை மூழ்கடிக்காது. அக்டோபரில் தொடங்கும் தூறல் மார்ச் வரை விட்டுவிட்டு நசநசக்கும். ஈரமான வட்டு கையிலிருந்து முன்கூட்டியே வழுக்கி இடப்பக்கம் போய்விடும். ஒவ்வொரு வீச்சுக்கு முன்பும் துடைத்துக்கொள்ள இரண்டு துண்டுகளைப் பையில் வைத்திருங்கள். நம்மூர் ஈரிழைத் துண்டைப்போலத் தண்ணீரை உறிஞ்சுவது எதையும் நான் அங்கே கடையில் கண்டதில்லை. குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும் என்பதால், விலை குறைந்த மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த வட்டுகளே அப்போது கைக்கு அடங்கும். டிசம்பர் கடைசியில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்கடியில் அதற்கும் முன்பே இருட்டும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். உங்கள் பயணத் தேதியைச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தால், முதல் மாதம் விடுமுறை நாட்களின் நண்பகலில் மட்டும் ஆடுங்கள்.

என்.ஏ.டி. களத்துக்கு முதல் நாள் போகும்போது வட்டே வீசாமல் 18 கூடைகளையும் ஒரு முறை நடந்து பாருங்கள் என்று சொல்வேன். டீயில் நின்று பார்த்தால் தெரியாத வாசல், கூடையருகே போய்த் திரும்பிப் பார்த்தால் தெரியும். பல கூடைகள் டீயிலிருந்து கண்ணுக்கே படாது. முன்னால் ஆடுபவர்கள் நகர்ந்துவிட்டார்களா என்று ஒருவர் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகே வீச வேண்டும். அது பொதுப் பூங்கா, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களும் வருவார்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து ஞாயிறு முதல் பேருந்தில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்கு முன் தேவனாம்பட்டினம் வந்துவிடலாம். என்னிடம் இரண்டு கழிகளும், உங்களுக்குக் கடன் தர ஒரு பழைய ஏவியாரும் இருக்கின்றன. விளிம்பெல்லாம் பிரெமர்ட்டன் மரங்களில் பட்ட தழும்புகள்தான். ஆனால் இன்னும் நேராகப் பறக்கிறது.